அந்த ஜன்னலுக்குப் பின்னால்

சத்யஜித் ராயின் 'அரண்யேர் தின் ராத்ரி' பற்றிப் பேச்செடுத்தால் பத்து நிமிடத்துக்குள் அது அந்த ஞாபக விளையாட்டில் வந்து நிற்கும். மரத்தடியில் விரிப்பு போட்டு வட்டமாக ஆறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் ஒரு பிரபலத்தின் பெயரைச் சொல்வார். அடுத்தவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்க்க வேண்டும். தாகூர், கார்ல் மார்க்ஸ், கிளியோபாட்ரா, ஷேக்ஸ்பியர், மாவோ, டான் பிராட்மன், பாபி கென்னடி, மும்தாஜ் மஹால் என்று பட்டியல் நீளும். யார் எந்தப் பெயரைச் சொல்கிறார், சொல்லும்போது யாரைப் பார்க்கிறார் என்பதிலேயே அந்த ஆறு பேரையும் ராய் திறந்து காட்டிவிடுவார். 'ஆஸ்டிராய்ட் சிட்டி'யில் இதே விளையாட்டை வைத்து வணக்கம் சொன்ன வெஸ் ஆண்டர்சன்தான், 2025-இல் கான் திரைப்பட விழாவில் இந்தப் படத்தின் புதுப்பிக்கப்பட்ட பிரதியை அறிமுகப்படுத்தினார். அன்று ஷர்மிளா தாகூரும் சிமி கரேவாலும் அங்கே இருந்தார்கள்.

எனக்கும் அந்தக் காட்சி பிடிக்கும். ஆனால் ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் அந்த வட்டத்துக்குள் இல்லாத ஒரு ஆளைத்தான் மனசு தேடுகிறது. அவர்கள் தங்கியிருக்கும் வனத்துறை பங்களாவின் சௌகிதார். காவலாளி. இவர்கள் பெயர்களை அடுக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்த மனுஷன் என்ன செய்துகொண்டிருப்பார்? இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1970-இல் வந்த படம், சுனில் கங்கோபாத்யாயின் நாவலைத் தழுவியது. கல்கத்தாவிலிருந்து நான்கு நண்பர்கள் காரில் பலாமூ காட்டுக்கு வருகிறார்கள். பலாமூ அப்போது பீகாரில் இருந்தது, இப்போது ஜார்க்கண்டில் இருக்கிறது. அஸீம் நல்ல சம்பளத்தில் இருக்கும் கம்பெனி அதிகாரி, கார் அவனுடையது. சஞ்ஜய் சணல் ஆலையில் தொழிலாளர் நல அதிகாரி. ஹரி கிரிக்கெட் வீரன், அண்மையில் ஒரு பெண் அவனை விட்டுப் போயிருக்கிறாள். சேகருக்கு வேலை இல்லை, வாய் மட்டும் இருக்கிறது. அஸீமும் சஞ்ஜயும் ஒரு காலத்தில் சேர்ந்து இலக்கியப் பத்திரிகை நடத்தியவர்கள். இதைப் படிக்கிற உங்களில் சிலருக்கு இந்த இடத்தில் லேசாகக் குத்தும். எனக்குக் குத்தியது.

நாவலில் இவர்கள் ரயிலில் வந்து இறங்குவார்கள். ராய் இவர்களுக்குக் கார் கொடுத்தார். சின்ன மாற்றம்தான், ஆனால் ஆட்களின் வர்க்கமே மாறிவிடுகிறது. ரயிலில் வருகிறவன் ஊருக்குள் நடந்து போக வேண்டும், வழி கேட்க வேண்டும், நாலு பேர் முகத்தைப் பார்க்க வேண்டும். காரில் வருகிறவன் கண்ணாடியை இறக்கி, வழி காட்ட ஒரு உள்ளூர்க்காரனை வண்டியில் ஏற்றிக்கொண்டால் போதும். படத்தில் அப்படி ஏறுகிறவன் பெயர் லகா. அடுத்த சில நாட்களுக்கு இவர்களுக்கு எடுபிடி அவன்தான்.

பங்களாவில் தங்க முன்அனுமதி வேண்டும். இவர்களிடம் இல்லை. சௌகிதார் முடியாது என்கிறார், வேலை போய்விடும் என்கிறார். அஸீம் பணத்தை எடுத்து நீட்டுகிறான். கதவு திறக்கிறது. ஊழல் என்று ஒன்று இருப்பதற்குக் கடவுளுக்கு நன்றி என்கிற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு ஜோக் அடிக்கிறான். தியேட்டரில் சிரிப்பு வரும் இடம். அப்புறம் நகரத்தோடு உறவை அறுத்துக்கொள்கிற சடங்குகள் நடக்கின்றன. கையில் இருக்கும் செய்தித்தாளைக் கொளுத்துகிறார்கள். இனி சவரம் கிடையாது என்று தீர்மானம் போடுகிறார்கள். பக்கத்துப் பங்களாவில் இரண்டு அழகான பெண்கள் இருப்பது தெரிந்ததும் அந்தத் தீர்மானம் என்னவாகிறது என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

சாஃப்ட்வேர் கம்பெனிகளில் பன்னிரண்டு வருஷம் குப்பை கொட்டியவன் என்கிற முறையில் இந்தச் சடங்கு எனக்கு நன்றாகவே தெரியும். செய்தித்தாளுக்குப் பதில் போன். "மச்சி, அங்க டவரே கிடையாதுடா" என்பதுதான் ஒரு இடத்துக்குக் கிடைக்கிற உச்சபட்ச நற்சான்றிதழ். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசி மீட்டிங்கை முடித்துவிட்டு, வண்டியில் சாமான்களை அடுக்கி, நள்ளிரவில் மலையேறி, சனிக்கிழமை காலை காட்டைப் பார்த்து "இதான்டா லைஃப்" என்பது. திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு லாகின்.

இப்படிப் போகிற எந்த ரிசார்ட்டிலும் என் கண் முதலில் தேடுவது அருவியையோ பள்ளத்தாக்கையோ இல்லை. பின்பக்கம் எங்கேயாவது தகரமோ ஓடோ போட்ட ஒரு சின்ன வீடு இருக்கிறதா, கொடியில் சின்னப் பிள்ளைகளின் துணி காய்கிறதா என்றுதான் பார்க்கும். நான் அப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவன். அப்பா 22 வருடம், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் ஒரு அணைக்கட்டுக்குப் பக்கத்தில் இருந்த டிராவலர்ஸ் பங்களாவில் வாட்ச்மேன். ஊரில் அதை 'டீபி' என்பார்கள். என்னை 'டீபி வாட்ச்மேன் மகன்'. முன்பக்கம் பங்களா, தேக்கு நாற்காலிகள், போகன்வில்லா. பின்பக்கம் ஒற்றை அறையும் ஒரு சமையல்கட்டும் நாங்களும்.

பங்களாவில் ஆள் இருக்கும் நாட்களில் எங்கள் வீட்டில் சத்தம் கூடாது. ரேடியோ வைக்கக் கூடாது. நானும் தங்கச்சியும் சண்டை போட்டால்கூட கிசுகிசுவென்றுதான் போடுவோம். கோழி வாங்க, சோடா வாங்க, கொசுவத்தி வாங்க அப்பா சைக்கிளில் பறப்பார். அம்மாதான் சமைத்துப் போடுவாள். அதற்குச் சம்பளம் என்று எதுவும் கிடையாது, போகும்போது கொடுப்பதுதான். ஒரு மழைக்காலத்தில் அம்மாவுக்கு டைபாய்டு வந்து மூன்று வாரம் படுத்திருந்தாள். அந்த மூன்று வாரமும் ஆட்கள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தார்கள். பக்கத்துத் தெருக் கிழவி ஒருத்தி வந்து பொங்கிப் போட்டாள். சாப்பிட்டவர்களில் சிலர் மீன் குழம்பு பிரமாதம் என்று சொல்லி அனுப்பினார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பங்களாவின் முன்வாசலிலிருந்து பார்த்தால் எங்கள் வீடு தெரியாது, அவ்வளவுதான். அப்படித்தான் கட்டியிருந்தார்கள்.

அதனால்தான் இந்தப் படத்தில் சௌகிதார் வருகிற ஒவ்வொரு இடமும் எனக்குத் தனியாகத் தெரிகிறது. கூப்பிட்ட குரலுக்கு ஓடி வரும்போது அவர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார் என்று பார்க்கிறேன். படம் நெடுக அவருக்குப் பெயர் இல்லை. "சௌகிதார்!" என்று ஒரு கத்தல், அவ்வளவுதான். மனைவிக்கு உடம்பு சரியில்லை என்பது முதலிலேயே இவர்கள் காதில் விழுகிறது. விழுந்த வேகத்தில் வெளியே போய்விடுகிறது.

படம் எடுக்கப்பட்ட இடத்தையும் காலத்தையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். 1966-67 பீகார் பஞ்சத்தில் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் ஒன்று பலாமூ. நான்கு நண்பர்கள் சாராயம் குடித்துவிட்டு நடுரோட்டில் ட்விஸ்ட் ஆடுகிற இந்த மண்ணில் மூன்று வருடம் முன்பு கஞ்சித் தொட்டி வைத்து ஜனங்களுக்கு ஊற்றியிருக்கிறார்கள். இங்கே வேரோடியிருந்த கொத்தடிமை முறையைப் பற்றி மகாஸ்வேதா தேவி பின்னாளில் விடாமல் எழுதினார். படத்தில் பஞ்சம் என்கிற சொல்லே வராது. வருகிறவர்களுக்கு அது தெரியாது, தெரிந்துகொள்ளத் தேவையும் இல்லை. அவர்களுக்குத் தெரிந்த பலாமூ ஒரு புத்தகம். காரில் வரும்போது சஞ்ஜய் வாசித்துக்கொண்டு வருவது, பங்கிம் சந்திரரின் அண்ணன் சஞ்ஜீப் சந்திர சட்டோபாத்யாய் 1880களில் எழுதிய 'பலாமூ' பயண நூல். கிட்டத்தட்ட 90 வருடங்களாகப் படித்த வங்காளிகள் இந்தக் காட்டை அதன் வழியாகவே பார்த்திருக்கிறார்கள். காட்டு மனிதர்களின் அழகு, குடி, நடனம். இவர்கள் நான்கு பேரும் பெட்டி படுக்கையோடு அந்தக் கண்களையும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

இங்கேதான் அபர்ணா வருகிறாள். ஷர்மிளா தாகூர். பக்கத்துப் பங்களாவில் அப்பாவோடும், விதவையான அண்ணி ஜயாவோடும், ஜயாவின் சின்ன மகனோடும் தங்கியிருக்கிறாள். குறைவாகப் பேசுகிறவள். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறவள். கிணற்றடியில் இவர்கள் உள்ளாடையோடு குளிப்பதையும் பார்த்திருக்கிறாள், குடித்துவிட்டு ரோட்டை மறித்ததையும் பார்த்திருக்கிறாள். ஞாபக விளையாட்டில் அஸீமை ஜெயிக்க விட்டுக்கொடுத்தவளும் அவள்தான். அஸீமுக்கு எப்போதும் ஜெயித்துத்தான் பழக்கம். அவன் கர்வத்தை உடைக்காமல் விளையாட்டை முடித்துவைக்கிறாள். அந்தக் கருணையே அவனுக்குப் பெரிய அடி என்பது அவனுக்குப் பிறகுதான் உறைக்கிறது.

சந்தையிலிருந்து திரும்பும்போது அபர்ணா அஸீமை சௌகிதாரின் குடிசைப் பக்கம் கூட்டிப் போகிறாள். ஜன்னல் வழியாகப் பார்க்கச் சொல்கிறாள். உள்ளே அந்தப் பெண் கிடக்கிறாள். இவ்வளவு மோசமாக இருக்கிறாள் என்று உங்களுக்குத் தெரியுமா என்பது அபர்ணாவின் கேள்வி. இத்தனை நாளில் ஒரு தடவையாவது எட்டிப் பார்த்தீர்களா என்பது அதன் உள்ளே இருக்கும் கேள்வி. அஸீமிடம் பதில் இல்லை. தாகூரிலிருந்து மும்தாஜ் மஹால் வரை வரிசை பிசகாமல் ஒப்பித்த மூளை இருபதடி தூரத்தில் ஒருத்தி காய்ச்சலில் கிடந்ததைப் பதிவு செய்யவில்லை. படத்தின் மனசாட்சி இந்தக் காட்சிதான் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். நானும் நண்பர்களிடம் அப்படித்தான் சொல்லி வந்தேன்.

போன வருடம் அப்பா சென்னைக்கு வந்திருந்தார். அம்மா போன பிறகு வருடத்தில் இரண்டு மாதம் என்னோடு இருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இந்தப் படத்தைப் போட்டேன். பெங்காலிப் படம், கறுப்பு வெள்ளை, பத்து நிமிடத்தில் தூங்கிவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஆங்கில சப்டைட்டிலை நான் தமிழில் சொல்லச் சொல்ல அவர் பார்த்தார். சௌகிதார் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பணம் கைமாறியதும் சொன்னார்: "வாங்கியிருக்கக் கூடாது."

"பாவம்ப்பா, பொண்டாட்டிக்கு உடம்பு சரியில்ல அவருக்கு."

"அது சரிதான். ஆனா வாங்கிட்டான்ல? இனி அவனுக்கு வாய் கிடையாது. அவனுக பொழுது போற வரைக்கும் ஆடுவானுக, இவன் ஒண்ணும் சொல்ல முடியாது. துண்டுச்சீட்டோட வந்தவன்கிட்ட நாம பேசலாம். துட்டு குடுத்து வந்தவன்கிட்ட பேச முடியாது."

படத்தைப் பற்றி நான் படித்த எதிலும் இந்த விஷயம் இல்லை. சௌகிதார் ஏன் படம் முழுக்க இவ்வளவு குறைவாகப் பேசுகிறார் என்பதற்கு அப்பா ஒரே நிமிடத்தில் காரணம் சொல்லிவிட்டார். அஸீமின் ஜோக்குக்கு அப்பா சிரிக்கவில்லை. ஊழலால் லாபம் அடைந்தவன் கடவுளுக்கு நன்றி சொல்கிறான். அதில் மாட்டியவன் சட்டைப் பையில் பணத்தையும் தொண்டையில் பயத்தையும் வைத்துக்கொண்டு பின்பக்கம் போகிறான்.

வனத்துறை அதிகாரி வந்து சத்தம் போடுகிற காட்சி வந்தது. அனுமதி இல்லாமல் இவர்களைத் தங்க வைத்ததற்காக சௌகிதாரின் வேலை போகப் போகிறது. அந்த நேரத்தில் அபர்ணாவும் ஜயாவும் வந்து சேர்கிறார்கள். அதிகாரிக்கு அவர்கள் குடும்பத்தைத் தெரியும். பேச்சின் சுருதி உடனே இறங்குகிறது. பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. அப்பா பெருமூச்சு விட்டார். "நல்லவேளை, பொம்பளப் புள்ளைக வந்துச்சுக" என்றார். சிறிது நேரம் கழித்து, "வராட்டி?" என்றார்.

அப்புறம் ஜன்னல் காட்சி. அப்பா ஒன்றும் பேசவில்லை. அம்மாவின் டைபாய்டு எனக்கு நினைவு வந்தது போல அவருக்கும் வந்திருக்கும். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, டிவியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த காட்சிக்குப் போன பிறகு மெதுவாகக் கேட்டார்:

"அந்தப் புள்ள பாத்துச்சு. சரி. பாத்துட்டு என்ன செஞ்சுச்சு?"

நான் படத்தை நிறுத்தினேன். என்ன செய்தாள்? அஸீமுக்குக் காட்டினாள். அஸீம் வெட்கப்பட்டான். அவனுக்குள் ஏதோ ஒன்று உடைந்தது. பிறகு இருவரும் பேசிக்கொண்டே நடக்கிறார்கள். கல்கத்தாவில் சந்திக்க ஒரு வழி பிறக்கிறது, ரூபாய் நோட்டில் போன் நம்பர் எழுதித் தருகிறாள். உள்ளே கிடப்பவளுக்கு ஒரு மாத்திரை வாங்கிக் கொடுத்ததாகவோ, டாக்டரைக் கூட்டி வந்ததாகவோ படத்தில் எதுவும் இல்லை. ஒருத்தியின் நோய் இன்னொருவனுக்குப் பாடமாகிவிட்டது. பாடம் படித்தவன் ஊருக்குப் போகிறான். நோயாளி அங்கேயே இருக்கிறாள்.

அப்பாவின் கேள்வியை வைத்துக்கொண்டு மறுநாள் ராத்திரி படத்தை மறுபடி தனியாகப் பார்த்தேன். இது ராய்க்குத் தெரியாமல் நடந்ததா, தெரிந்து வைத்ததா?

தெரியாமல் நடந்தவையும் படத்தில் உண்டு என்றுதான் நினைக்கிறேன். துலி ஒரு சந்தால் பெண். வேலை கேட்டு பங்களாவுக்கு வருகிறவள், ஹரியின் கண்ணில் விழுகிறவள். நடித்தது சிமி கரேவால், தோலில் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு. சிமி நன்றாகத்தான் நடித்திருக்கிறார். ஆனால் படித்த வங்காளிகளின் பார்வையைக் கேலி செய்கிற ஒரு படம், அந்தப் பார்வைக்கு இலக்கான பெண்ணுக்கு மட்டும் பம்பாயிலிருந்து ஒரு நடிகையைக் கூட்டி வந்து சாயம் பூசியிருக்கிறது. அந்த இடத்தில் ராயின் கேமராவும் காரில்தான் வந்திருக்கிறது.

ஆனால் லகா இருக்கிறான். பர்ஸைக் காணவில்லை என்றதும் ஹரி விசாரிக்காமல் அவனை அடித்துத் துரத்துகிறான். பர்ஸை அவன் எடுக்கவில்லை. கடைசியில், துலியோடு காட்டுக்குள் போய்விட்டுத் திரும்பும் ஹரியை லகா மறைந்திருந்து அடித்துச் சாய்க்கிறான். இப்போது பர்ஸை எடுத்தும் கொள்கிறான். திருடன் என்று சொன்னீர்களே, இந்தாருங்கள். படம் முழுக்க உள்ளூர்க்காரர்களில் ஒருவர்கூட இவர்களை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேசுவதற்கு இடமே இல்லாத ஊரில் லகாவின் கட்டை மட்டும் ஒரே ஒரு தடவை பேசுகிறது. படம் வந்த காலத்தில் வங்காளத்தில் நக்சல்பாரியின் சூடு ஆறவில்லை. இதைப் பார்த்த கல்கத்தாக்காரர்களுக்கு அந்த அடி காட்டில் மட்டும் விழுந்ததாகத் தோன்றியிருக்காது.

முடிவைப் பாருங்கள். அபர்ணாவின் குடும்பம் முன்னதாகவே கிளம்பிவிடுகிறது. போகும்போது இந்த நால்வருக்கும் ஒரு பெட்டி கொடுத்தனுப்புகிறார்கள். திறந்தால் அவித்த முட்டைகள். முன்பு ஒருநாள் அவர்கள் வீட்டுக் காலை உணவுக்கு அழைத்தும், குடித்துவிட்டுத் தூங்கிப்போய்த் தவறவிட்டவர்களுக்கான அன்பான குறும்பு. இவர்கள் சிரித்து மகிழ்கிறார்கள். காரைக் கிளப்பிப் போகிறார்கள். அன்பும் மன்னிப்பும் குறும்பும் பங்களாவிலிருந்து பங்களாவுக்குப் போய்ச் சேர்கின்றன. பின்பக்கக் குடிசைக்கு எதுவும் போய்ச் சேரவில்லை. மருந்தை வாங்கிக் கொடுத்து நம் மனசை ஆற்றி அனுப்ப ராய்க்கு ஒரு ஷாட் போதும். அதை அவர் எடுக்கவில்லை. அஸீம் வெட்கப்படுவதைப் பார்த்து நாம் சமாதானம் ஆனால் அது நம் பாடு. அவர் வைத்திருக்கும் கணக்கில் அந்தப் பெண் இன்னும் படுத்துத்தான் கிடக்கிறாள். அந்த அளவில் அவர் நேர்மையானவர் என்று நினைக்கிறேன்.

அப்பாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. அன்று மத்தியானம் அவர் முழுப் படத்தையும் பார்த்து முடித்திருந்தார். கார் வெளியே போய், சௌகிதார் கேட்டைச் சாத்துகிற ஷாட்டில், அவருடைய கை தன்னையறியாமல் லேசாக அசைந்தது. தாழ்ப்பாள் போடுகிற கை.

"முடிஞ்சுதாப்பா?" என்றேன்.

"அவனுகளுக்கு முடிஞ்சுது" என்றார். "இவன் இனிமேத்தான் போய் போர்வைய எண்ணணும். பல்பு எண்ணணும். டம்ளர் ஒண்ணு ரெண்டு கண்டிப்பா ஒடஞ்சிருக்கும்."